பயோடேட்டாவில் அப்பா பெயர் இருக்கிறது, பார்த்த வேலை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை வரும் வேலைவாய்ப்புப் பக்கத்தை எங்கள் தெருமுனை டீக்கடையில் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பதைப் பார்க்கிறேன். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், கடைசித் தேதி என்ன, எங்கே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் தெளிவாக வருகிறது. அனுப்புகிற காகிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பது மட்டும் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஆள் எடுக்கும்போது வந்து குவியும் பயோடேட்டாக்களை முதலில் பிரித்துப் படிப்பது என் பொறுப்பு. இப்போது தெரிந்தவர் நடத்தும் டிடிபி சென்டரில் மாலை நேரத்தில் உட்கார்ந்து, பயோடேட்டா அடிக்க வருகிறவர்களிடம் பேசி, எழுதிக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதும், எழுதுகிறவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக் கடைக் கணினிகளில் ‘மாடல் பயோடேட்டா’ என்று ஒரு ஃபைல் இருக்கும். முன்னால் வந்தவர் பெயரை அழித்து, இப்போது வந்தவர் பெயரை அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மேலே ‘ஆப்ஜெக்டிவ்’ என்று ஒரு வாக்கியம். சவாலான சூழலில் என் திறமையைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபடுவேன் என்று இங்கிலீஷில் இருக்கும். அதற்குக் கீழே படிப்புக்கு ஒரு கட்டம். பிறகு ஹார்ட் வொர்க், பாசிட்டிவ் திங்கிங் என்று நாலு குணங்கள். அப்புறம் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதிப் பிரிவு, கல்யாணம் ஆனதா இல்லையா, பாட்டு கேட்பது, கிரிக்கெட் விளையாடுவது. கடைசியில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. முந்தைய ஆளின் அப்பா பெயர் அழிக்கப்படாமலே என் மேசைக்கு வந்த காகிதங்கள் உண்டு. பெண் பார்க்கப் போகும்போது தரகரிடம் கொடுக்கிற தாளைப் போலத்தான் அது இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்துவிடும், அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை தெரியும் என்பது தெரியாது.

கம்பெனியில் அந்தக் காகிதம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷிப்டுக்கு இத்தனை ஆபரேட்டர் வேண்டும் என்று உற்பத்திப் பிரிவு கேட்கும். காகிதம் கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாரும் படிப்பதில்லை. என் கண் தேடியது, என்ன டிரேடு, எந்த வருஷம் முடித்தார், இப்போது எங்கே எந்த மெஷினில் நிற்கிறார், எந்த ஊர், போன் நம்பர் என்ன. இவ்வளவும் முதல் அரைப் பக்கத்தில் கிடைத்தால் அந்தத் தாள் தனியாகப் போகும். ஆப்ஜெக்டிவும் குணங்களும் அந்த அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டால், கீழே எழுதியிருப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண்ணில் படாமலே போக வாய்ப்பு அதிகம். இப்போது பாதி வேலை கணினியில் நடக்கிறது. கன்சல்டன்சிக்காரர்கள் வேலை தேடும் இணையதளங்களில் ‘ஃபேனக்’, ‘விஎம்சி’, ‘டிக் வெல்டிங்’, ‘டேலி’ என்று மெஷின், வேலை, கணக்கு மென்பொருள் இவற்றைக் குறிக்கும் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள். அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கவில்லை என்றால், அந்த வேலையில் கைதேர்ந்தவரே ஆனாலும் அவர் பெயர் மேலே வராது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஐடிஐயில் டர்னர், அதாவது லேத்தில் கடையும் தொழில், முடித்தவன். அனுபவம் என்ற இடத்தில் ‘ஃப்ரெஷர்’ என்று அடிக்கச் சொன்னான். படிப்பு முடித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“நடுவுல என்ன தம்பி பண்ணிட்டிருந்த?”

“ஒரு லேத் பட்டறையில இருந்தேன் மேடம். அங்க லெட்டர் எல்லாம் தரமாட்டாங்க. அதைப் போய் எழுதலாமா?”

பட்டறையில் என்ன செய்தாய் என்று கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. முதலில் சாதா லேத்தில் நின்றிருக்கிறான். பிறகு முதலாளி கணினி புரோகிராமில் ஓடும் பழைய சிஎன்சி லேத் ஒன்று வாங்கியதும் அதற்கு மாறியிருக்கிறான். அதை இயக்கும் கன்ட்ரோல் எந்தக் கம்பெனியுடையது என்றேன். யோசிக்காமல் ஃபேனக் என்றான். ஸ்டீல் புஷ், பின் ஓட்டுவது, ஜாபைப் பிடிக்கும் சக்கில் ஜா மாற்றுவது, வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்தால் மாற்றி, அளவு சரியாக வர ஆஃப்செட் கொடுப்பது, முதல் ஜாபை மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே வாங்குவது என எல்லாம் அவன் கையால் செய்தவை. இத்தனையும் தெரிந்த ஒருவன், நியமனக் கடிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தன்னை எதுவும் தெரியாதவன் என்று அச்சடித்துக்கொள்ள வந்திருக்கிறான். எனக்கு மனசு தாங்கவில்லை.

ஆப்ஜெக்டிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றையெல்லாம் எழுதினோம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று போட்டோம். என்ன பொருள், எந்த அளவுக்குள் துல்லியம், ஒரு ஷிப்டுக்குச் சுமாராக எத்தனை என்றும் எழுதினோம். ‘சிறிய பட்டறை, பணிச்சான்று இல்லை, உரிமையாளரிடம் போனில் விசாரிக்கலாம்’ என்று ஒரு வரி. அதற்கு முன் முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளச் சொன்னேன், அவரும் சரி என்றார். கடைசியாக, ‘புரோகிராமில் சின்னத் திருத்தம் செய்யத் தெரியும், புதிதாக எழுதத் தெரியாது’ என்று சேர்த்தேன். பையன் பதறிவிட்டான்.

“தெரியாதுன்னு எதுக்கு மேடம் போடணும்?”

மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் வேறு, அதைத் தயார் செய்து கொடுக்கும் செட்டர் வேறு, புரோகிராம் எழுதும் புரோகிராமர் வேறு. மூன்றுக்கும் சம்பளம் வேறு. நேர்முகத் தேர்வில் பேச்சோடு விடமாட்டார்கள், மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எது தெரியும், எது தெரியாது என்று தானே பிரித்து எழுதுகிற பையனைப் பார்த்தால் உற்பத்திப் பிரிவு மேலாளருக்கு நம்பிக்கை வரும் என்று எடுத்துச் சொன்னேன். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது அப்படி எழுதியவர்களை எப்போதும் முதலில் கூப்பிட்டிருக்கிறேன்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய கம்பெனிக்குள் வேலை பார்த்திருப்பார்கள், ஆனால் சம்பளம் போட்டவர் கான்ட்ராக்டர். காகிதத்தில் பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். 2014இல் இருந்து வருங்கால வைப்பு நிதிக்கு ஒரே எண் வந்துவிட்டது. எந்த மாதம் யாரிடம் வேலை பார்த்தோம் என்ற வரலாறு அந்த எண்ணில் இருக்கிறது. சரிபார்க்கும்போது அதில் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும், காகிதத்தில் வேறு பெயர் இருக்கும். பையன் பொய் சொன்னதாக ஆகிவிடும். அவன் சொன்னது பொய்யில்லை, எழுதத் தெரியாமல் எழுதியது. ‘இன்ன கான்ட்ராக்டரிடம் வேலை, பணியிடம் இன்ன தொழிற்சாலை, இன்ன லைன்’ என்று எழுதினால் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்ரண்டிஸாக இருந்த காலமும் அப்படித்தான். தொழில் பழகுநர் சட்டம் 1961இன்படி அது பயிற்சிக் காலம், அதை வேலை அனுபவத்தோடு கலந்து எழுத வேண்டாம். ‘அப்ரண்டிஸ்’ என்றே தனித் தலைப்பில் எழுதி, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதையும் சேருங்கள். அதற்கு உரிய மதிப்பு தனியாக இருக்கிறது. காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பி.காம். முடித்து, கல்யாணத்துக்கு முன் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண், குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வேலை தேடி வந்தார். நடுவில் உள்ள வருஷங்களுக்கு ‘ஹவுஸ் வைஃப்’ என்று எழுதியிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது, மாமனாரின் ஹார்டுவேர் கடைக் கணக்கு முழுவதையும் டேலியில் அவர்தான் பார்க்கிறார் என்பது தெரிந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற இரண்டு வரிக் கணக்குகளும் மாதாமாதம் அவர் கையால் போயிருக்கின்றன. வாங்கிய பில்லை, ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாமல் விட்டதைக் கண்டுபிடித்து, போன் போட்டு ஏற்ற வைப்பதும் அவர்தான். இதில் எதையும் அவர் வேலை என்று நினைக்கவில்லை. சம்பளம் வாங்கவில்லையே, அது எப்படி வேலை ஆகும் என்றார். “அக்கா, இந்த வேலைக்கு ஆள் கிடைக்காம எத்தனை கடைக்காரங்க தவிக்கிறாங்க தெரியுமா?” என்று டிடிபி சென்டர் தம்பியே சொன்னான். ‘குடும்ப நிறுவனம், சம்பளம் இல்லாத பொறுப்பு’ என்று ஒளிக்காமல் எழுதி, கீழே அத்தனை வேலையையும் வரிசையாகப் போட்டோம். குழந்தை வளர்த்த வருஷங்களுக்குக் காரணம் சொல்லி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். வேண்டாம். ஒரு வரி போதும், விளக்கம் கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பொறியியல் முடித்த பிள்ளைகளிடம் குறை வேறு மாதிரி இருக்கிறது. இவர்கள் காகிதம் பார்க்க அழகாக இருக்கிறது. இரண்டு பத்தியாகப் பிரித்து, வண்ணம் கொடுத்து, போட்டோவை வட்டத்துக்குள் வைத்து, தெரிந்த மொழிக்கும் மென்பொருளுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஜாவாவுக்கு நாலு நட்சத்திரம் என்றால் படிக்கிறவருக்கு என்ன புரியும்? தானாகப் படித்து விவரங்களைப் பிரிக்கும் மென்பொருள்கள் சில, இரண்டு பத்தியாக இருக்கும் பக்கத்தைக் குறுக்கே படித்து இரண்டையும் கலந்துவிடும். வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக ஒரே பத்தி, ஒரு பக்கம், பிடிஎஃப், ஃபைலுக்குத் தன் பெயர். இதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை. இறுதியாண்டு புராஜெக்டைப் புராஜெக்ட் சென்டரில் வாங்கி அதன் நீண்ட தலைப்பை எழுதுகிறவர்கள் அடுத்த கேள்விக்கே திணறிப்போகிறார்கள். அதற்குப் பதில் லேபில் தானே இணைத்து ஓட்டிய ஒரு சின்ன மோட்டாரைப் பற்றி மூன்று வரி எழுதலாம். ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஏதாவதொரு பயிற்சி முடித்திருக்கிறார்கள். அதிலும் பயிற்சியின் பெயர் இருக்கிறது, அதில் இவர்கள் செய்தது என்ன என்பது இல்லை.

மதிப்பெண்ணில் ஒரு சின்ன விஷயம். நம் மாநிலத்தில் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2018 வரை 1200, 2019இலிருந்து 600. பெங்களூரில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது தெரியாது. 512 என்று மட்டும் போட்டால் பழைய கணக்கில் பாதிக்கும் கீழே என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. சதவீதமும் சேர்த்து எழுதிவிடுங்கள். அரியர் இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள்.

போன் நம்பரும் மின்னஞ்சலும்தான் என்னை அதிகம் வருத்துபவை. தேர்வான பையனைக் கூப்பிட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வரும். ரீசார்ஜ் செய்யாமல் சிம் போயிருக்கும், இல்லை என்றால் அது எப்போதோ மாமா வைத்திருந்த நம்பராக இருக்கும். மின்னஞ்சல் முகவரியைப் பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கிக் கொடுத்திருப்பார், பாஸ்வேர்டு இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் திறக்கப்படாமலே அங்கே கிடக்கும். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவோம், வேறு வழி இருக்காது. இப்போது என்னிடம் வருகிறவர்களை, என் எதிரிலேயே அவரவர் கைப்பேசியில் அவரவர் மின்னஞ்சலைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் பிரிண்ட் கொடுக்கிறேன். வீட்டில் இன்னொருவர் நம்பரையும் ‘அக்கா’, ‘அண்ணன்’ என்று குறித்துச் சேர்த்துவிடுகிறேன்.

இனி மதம், சாதி. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இடஒதுக்கீட்டுக்காகச் சாதிப் பிரிவைக் கேட்பார்கள், அங்கே சான்றிதழோடு கட்டாயம் கொடுக்க வேண்டும். தனியார் கம்பெனிக்கு அனுப்பும் காகிதத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். தலித் என்றும் முஸ்லிம் என்றும் தெரிகிற பெயர்களுக்குப் பதில் வந்தது குறைவு. வட மாநிலங்களில் பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் விட்டார்கள். இன்று இனிஷியலோடு நிற்கிற பெயரை வைத்துக்கொண்டு, அதே தாளின் கடைசியில் ‘கம்யூனிட்டி’ என்று ஒரு வரி சேர்த்து, அவர்கள் அழித்ததை நாமே திரும்ப எழுதுகிறோம். அந்த மாடல் ஃபைலில் இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. கடைக்காரர்கள் அந்த இரண்டு வரிகளை இன்றே அழித்துவிட வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கல்யாணம் ஆனதா என்ற வரியும் அப்படியே போகட்டும். கல்யாணமாகாத பெண் என்றால் சீக்கிரம் போய்விடுவாள், ஆனவள் என்றால் பிரசவ விடுப்புக் கேட்பாள் என்று கணக்குப் போடுகிற மேலாளர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவர்கள் கையில் நாமே அதை எடுத்துக் கொடுக்க வேண்டாம். விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களும் இவற்றைக் கேட்பதை நிறுத்த வேண்டும், என்ன மெஷின், என்ன ஷிப்டு, என்ன சம்பளம் என்று விளம்பரத்தில் வெளிப்படையாகப் போட வேண்டும். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் பயோடேட்டாவில் வரக் கூடாது. அவை வேலை உறுதியாகிச் சேருகிற நாளில் கேட்கப்படுபவை. கைக்குக் கை போகிற தாளில் ஆதார் எண்ணை அச்சடித்துக் கொடுப்பது ஆபத்து.

இங்கிலீஷ் வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரவல் வாங்கிய பெரிய வாக்கியத்தைவிட, சொந்தமாக எழுதிய நாலு சின்ன வரி மேல். மெஷின் பெயரும் அளவும் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. தமிழில் சொல்லுங்கள், நேராக இங்கிலீஷில் போட்டுக் கொடுக்கக் கடைக்காரருக்குத் தெரியும். ஓசூர்க்காரப் பிள்ளைகள் தெலுங்கும் கன்னடமும் வீட்டிலேயே பேசுகிறார்கள், வட மாநிலத் தொழிலாளர்களோடு சேர்ந்து நின்று இந்தியும் பழகியிருக்கிறார்கள். அதைக் கடைசியில் ஒரு கட்டத்துக்குள் ‘ரீட், ரைட், ஸ்பீக்’ என்று டிக் அடித்து முடித்துவிடுகிறார்கள். ‘லைனில் இந்தி பேசும் ஹெல்பர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்’ என்று எழுதினால் சூப்பர்வைசர் வேலைக்கே கூப்பிடுவார்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். வேலைவாய்ப்புப் பக்கத்தில் வாரம் கால் பக்கம் ஒதுக்குங்கள். பெயரும் நம்பரும் நீக்கி, உண்மையாக வந்த ஒரு பயோடேட்டாவையும், அதே ஆளைப் பேச வைத்து எழுதிய திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், இரண்டையும் பார்த்தாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வெட்டி எடுத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டுகிற அளவில் இருக்கட்டும். முதல் சில வாரங்களுக்கு டர்னர், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டேலி அக்கவுண்டன்ட் ஆகியவற்றைப் போடலாம். வேலை பார்த்த பிள்ளைகளின் சம்மதத்தோடு காகிதங்களைத் தரவும், திருத்தி அனுப்பவும் நான் தயார். ஐடிஐ இறுதித் தேர்வு முடிந்து அடுத்த தொகுதி வெளியே வருவதற்குள் தொடங்கினால் அவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
பணியாளர் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற வாசகி,
ஓசூர்.